‘வேண்டிய ஆகாரம்’: எப்பிஊசியொஸ் என்ற கிரேக்கச் சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தச் சொல் வேதத்தில் எங்கே இருக்கிறது?

பரமண்டல ஜெபத்தில். மத்தேயு 6:11-ஐப் பழைய மொழிபெயர்ப்பில் படித்தால் “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்று இருக்கும். அதில் ‘வேண்டிய’ என்று வருகிற இடத்தில் கிரேக்க மூலத்தில் நிற்பதுதான் எப்பிஊசியொஸ். லூக்கா 11:3-இலும் இதே சொல். புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடங்களைத் தவிர வேறெங்கும் இல்லை.

வேதத்துக்கு வெளியே திதகே என்ற ஆதித் திருச்சபை நூலில், 8-ஆம் அதிகாரத்தில் ஒரு முறை வருகிறது. அதுவும் இதே ஜெபத்தின் எழுத்துப்படிதான். மற்றபடி இந்தச் சொல்லைக் காண்கிற இடமெல்லாம் யாராவது இந்த ஜெபத்தை மேற்கோள் காட்டியதாகவோ அதற்கு உரை எழுதியதாகவோதான் இருக்கும். உலகக் கிறிஸ்தவர்கள் தினமும் சொல்கிற ஒரு வரியில், பொருள் உறுதியாகத் தெரியாத ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம்.

எப்படி உச்சரிப்பது?

எ–ப்பி–ஊ–சி–ஒஸ். ஐந்து அசை, அழுத்தம் ‘ஊ’வில். வேகமாகச் சொல்லும்போது தமிழ் நாக்கு தானாகவே ஒரு யகரத்தை நுழைத்து ‘எப்பியூசியொஸ்’ என்று சொல்லிவிடும். அந்த ‘ய்’ நம்முடைய உடம்படுமெய். கிரேக்க எழுத்தில் அது இல்லை. சொல்லைப் பிரித்துப் பார்க்கும்போது இகரமும் ஊகாரமும் ஒட்டாமல் அடுத்தடுத்து நிற்பது முக்கியமாகிறது. அதனால் இங்கே ‘எப்பிஊசியொஸ்’ என்றே எழுதுகிறோம்.

முழு வரியையும் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்ட முடியுமா?

மத்தேயுவின் வரி: தொன் அர்த்தொன் ஹேமோன் தொன் எப்பிஊசியொன் தொஸ் ஹேமின் சேமெரொன்.

‘அர்த்தொன்’ என்பது அர்த்தொஸ் (அப்பம், விரிந்த பொருளில் உணவு) என்ற பெயரின் இரண்டாம் வேற்றுமை, ஆண்பால், ஒருமை. ‘ஹேமோன்’ – எங்களுடைய. ‘எப்பிஊசியொன்’ – நம் சொல். பெயரடை என்பதால் அப்பத்தோடு பாலிலும் எண்ணிலும் வேற்றுமையிலும் ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகிறது. ‘தொஸ்’ – கொடு என்ற ஏவல், தீதோமி என்ற வினையிலிருந்து. ‘ஹேமின்’ – எங்களுக்கு. ‘சேமெரொன்’ – இன்றைக்கு.

கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ‘தொன்’ என்ற சுட்டு இரண்டு முறை வருகிறது: “அந்த அப்பத்தை, எங்களுடையதை, அந்த எப்பிஊசியொஸ் ஆனதை.” இப்படிச் சுட்டைத் திருப்பிப் போட்டு, எந்த அப்பம் என்பதைப் பெயரடையால் குறிப்பது கிரேக்கத்தில் சாதாரண வழக்கம். ஆகவே நம் சொல் ‘தாரும்’ என்ற வினையைத் தழுவவில்லை. ‘தினமும் தாரும்’ என்று பொருள் கொண்டால் இலக்கணம் உதைக்கும். இரண்டாவது, செயப்படுபொருள் வாக்கியத்தின் தலையில் நிற்கிறது. இதற்கு முந்திய மூன்று விண்ணப்பங்களும் (பரிசுத்தப்படுவதாக, வருவதாக, செய்யப்படுவதாக) வினையில் தொடங்குகின்றன. இங்கேதான் வரிசை மாறி அப்பம் முன்னால் வருகிறது. தமிழில் இரண்டாம் வேற்றுமை வினைக்கு முன்னால் வருவதே இயல்பு என்பதால் மொழிபெயர்ப்பில் இந்த மாற்றம் கண்ணில் படாது.

லூக்காவில் என்ன வித்தியாசம்?

நம் சொல் அப்படியேதான் இருக்கிறது. வினையும் காலச்சொல்லும் மாறுகின்றன. மத்தேயுவில் ‘தொஸ்’ அயோரிஸ்து (செயலை முழுமையாக ஒன்றாகப் பார்க்கும் கிரேக்க வினைவடிவம்) ஏவல். லூக்காவில் ‘தீதூ’ நிகழ்கால ஏவல் – கொடுத்துக்கொண்டே இரும் என்ற தொனி. ‘சேமெரொன்’ இருந்த இடத்தில் ‘தொ கத் ஹேமெரான்’, அதாவது நாள்தோறும். பழைய மொழிபெயர்ப்பு இதை “அன்றன்றும்” என்று அழகாகப் பிடித்திருக்கிறது.

லூக்காவின் ஜெபத்தில் மற்ற விண்ணப்ப வினைகள் எல்லாம் அயோரிஸ்துதான். விண்ணப்பங்களில் நிகழ்காலத்தில் இருப்பது இது ஒன்று மட்டுமே. எனவே இந்த மாற்றத்தைத் தற்செயல் என்று தள்ள முடியாது. அதற்காக ‘அயோரிஸ்து என்றால் ஒரே தடவை, திரும்ப நடக்காது’ என்று பிரசங்கத்தில் சொல்லிவிடக் கூடாது. அந்த வடிவம் செயலை முழுமையாக ஒன்றாகப் பார்க்கிறது, அவ்வளவுதான். மத்தேயுவில் ‘இன்றைக்கு’ என்ற சொல்தான் எல்லையைப் போடுகிறது.

அகராதியில் ‘அனுதின’ என்று போட்டிருக்கிறதே, அது போதாதா?

போதாது. அகராதியில் இருப்பது பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்புகளின் பதிவு. மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் பார்த்திருப்பார். அகராதிக்காரர் மொழிபெயர்ப்பைப் பார்த்திருப்பார்.

‘அன்றாட’ என்று மட்டும் சொல்ல நினைத்திருந்தால் கிரேக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் சொற்கள் இருந்தன. யாக்கோபு 2:15-இல் “அநுதின ஆகாரமில்லாமலும்” என்ற இடத்தில் ‘எஃபேமெரொஸ்’ வருகிறது. அப்போஸ்தலர் 6:1-இல் விதவைகளுக்கான “அன்றாட விசாரணை” என்ற இடத்தில் ‘கத்தேமெரினொஸ்’. இரண்டும் ‘ஹேமெரா’ (நாள்) என்ற சொல்லிலிருந்து நேராகப் பிறந்தவை. அவற்றை விட்டுவிட்டு, யாரும் கேள்விப்படாத ஒரு சொல் ஏன் வந்தது என்பதுதான் கேள்வி.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பு யாக்கோபில் ‘அநுதின’ என்றும் மத்தேயுவில் ‘வேண்டிய’ என்றும் வேறுபடுத்தியிருக்கிறது. கிரேக்கம் தெரியாமல் தமிழை மட்டும் படிக்கிறவருக்கும் இரண்டும் ஒரே சொல் அல்ல என்ற தடயம் கிடைக்கிறது.

கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்காவது புரிந்ததா?

மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகென், ஜெபத்தைப் பற்றிய தம் நூலில், இந்தச் சொல்லை அறிஞர்களும் எழுதியதில்லை, பொதுமக்களும் பேசியதில்லை, சுவிசேஷகர்களே உருவாக்கியதுபோல் தெரிகிறது என்று எழுதினார். அலெக்சாந்திரியாவில் இலக்கணம் கற்பித்துப் பிழைத்தவர் அவர். சொல்லும் காலமும் அவருக்கு நம்மைவிட மிக அருகில். அவரே கையை விரித்திருக்கிறார் என்றால் நாம் கொஞ்சம் அடக்கமாக இருப்பது நல்லது.

சொல்லை எத்தனை விதமாகப் பிரிக்கிறார்கள்?

முக்கியமாக மூன்று.

ஒன்று: எப்பி + ஊசியா. ‘ஊசியா’ என்றால் இருப்பு, உள்பொருள். எனவே ‘உயிர் தரிக்கத் தேவையான அப்பம்’ என்றோ, ‘பொருள்களுக்கெல்லாம் மேலான அப்பம்’ என்றோ வரும். ஒரிகென் இந்தப் பக்கம். ஆனால் புதிய ஏற்பாட்டில் ‘ஊசியா’ வருவது கெட்ட குமாரன் உவமையில் மட்டுமே (லூக்கா 15:12, 13). அங்கே அதற்குப் பொருள் ஆஸ்தி! பிதாவும் குமாரனும் ஒரே ‘ஊசியா’ என்று 325-இல் நிக்கேயா சபைச் சங்கத்தில் அறிக்கையிட்டபோது இருந்த தத்துவக் கனத்தை, கலிலேயாவில் சொன்ன ஒரு ஜெபத்தின்மேல் ஏற்றுவது காலக்கணக்குக்கு ஒத்துவராது.

இரண்டு: எப்பி + ஊசா. ‘ஊசா’ என்பது ‘இருக்கிற’ என்ற பெண்பால் எச்ச வடிவம்; ‘ஹேமெரா’ (நாள்) தொக்கி நிற்கிறது. ‘இருக்கிற நாளுக்கான’, அதாவது இன்றைக்கான அப்பம்.

மூன்று: ‘எப்பிஊசா’ என்ற சொல்லிலிருந்து. இது ‘எப்பெய்மி’ (வந்து சேர், தொடர்ந்து வா) என்ற வினையின் எச்சம். ‘ஹே எப்பிஊசா’ என்றால் வருகிற நாள். இந்தச் சொல் இல்லாத ஒன்றல்ல. அப்போஸ்தலர் நடபடிகளிலேயே ஐந்து முறை வருகிறது: 7:26, 16:11, 20:15, 21:18, 23:11. 16:11-இல் பவுல் “மறுநாளிலே” நெயாப்போலிக்குப் போனார் என்ற இடத்தைப் பாருங்கள். கடைசி இடத்தில் மட்டும் நாளுக்குப் பதில் இரவு. நீதிமொழிகள் 27:1-இன் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்திலும் “ஒருநாள் பிறப்பிப்பதை அறியாயே” என்ற இடத்தில் ‘ஹே எப்பிஊசா’ தனியாக நிற்கிறது.

இவற்றில் எது சரி?

இங்கே புணர்ச்சி விதி உதவுகிறது. தமிழ் படித்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. காசு + இல்லை = காசில்லை; உயிர் வந்தால் குற்றியலுகரம் ஓடிவிடும். கிரேக்கத்தில் ‘எப்பி’ என்ற முன்னொட்டும் அப்படித்தான்: அடுத்து உயிர் வந்தால் கடைசி இகரம் கெடும். எப்பி + ஊரானொஸ் (வானம்) = எப்பூரானியொஸ். எபேசியர் 1:3-இல் “உன்னதங்களிலே” என்ற இடத்தில் வருவது இதுவே. ‘எப்பிஊரானியொஸ்’ என்று வராது. அதேபோல எப்பி + ஊசியா, எப்பி + ஊசா இரண்டும் ‘எப்பூசியொஸ்’ என்றுதான் முடிந்திருக்க வேண்டும். நம் சொல்லில் இகரம் கெடாமல் நிற்கிறதே!

மூன்றாம் பிரிப்பில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. அங்கே வினையின் எச்சமே ‘இஊசா’ என்று இகரத்தோடு தொடங்குகிறது. எப்பி + இஊசா சேரும்போது முன்னொட்டின் இகரம் விதிப்படி கெடுகிறது. வினையின் இகரம் நிலைக்கிறது. காதுக்கு ஒரே இகரம்தான் கேட்கும், ஆனால் அது வேறு இகரம்.

‘-இயொஸ்’ விகுதிக்கும் முன்மாதிரி உண்டு. ‘ஹெக்கோன்’ (மனமுவந்த) என்பதிலிருந்து ‘ஹெக்கூசியொஸ்’ பிறந்தது. பிலேமோன் 14-இல் “மனப்பூர்வமாய்” என்ற இடத்தில் அது இருக்கிறது. அதே அச்சில் வார்த்தது எப்பிஊசியொஸ்.

ஆகவே எங்கள் முடிவு மூன்றாவதன் பக்கம்: ‘வருகிற நாளுக்கான அப்பம்’. ஆனால் விதிக்கு விலக்கு உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. மத்தேயு 5:33-இன் பொய்யாணைச் சொல் ‘எப்பிஒர்க்’ என்ற அடியிலிருந்து வருகிறது. பிலிப்பியர் 4:5-இன் “சாந்தகுணம்” ‘எப்பிஎய்க்கேஸ்’. இரண்டிலும் இகரம் கெடவில்லை. பின்னதற்குக் காரணம் தெளிவு: ஒரு காலத்தில் நடுவே ‘வ்’ ஒலி இருந்து மறைந்தது. ‘ஊசியா’வுக்கு முன் அப்படி எந்த ஒலியும் இருந்ததில்லை. முதல் இரண்டு பிரிப்புகளை முடியாதவை என்று சொல்ல முடியாது. பலவீனமானவை என்று சொல்லலாம்.

‘பெரிஊசியொஸ்’ என்ற சொல்லில் இகரம் கெடவில்லையே?

ஒரிகென் காட்டிய சொல் இது. யாத்திராகமம் 19:5-இன் கிரேக்கத்திலும் தீத்து 2:14-இலும் தேவனுடைய சொந்த ஜனத்தைக் குறிக்கிறது. ஆனால் ‘பெரி’ என்ற முன்னொட்டு உயிருக்கு முன்னால் இகரத்தை இழப்பதில்லை; ‘எப்பி’ இழக்கும். இரண்டையும் ஒப்பிடுவது பொருந்தாது.

‘நாளைய அப்பம்’ என்றால், “நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்” என்ற வசனத்தோடு மோதாதா?

மூன்றாம் பிரிப்புக்கு எதிராக எழுகிற வலுவான கேள்வி இது. அந்த வசனம் மத்தேயு 6:34. அதே அதிகாரம், இருபத்து மூன்று வசனம் தள்ளி.

விடை ‘எப்பிஊசா’வும் ‘நாளை’யும் முழுக்க ஒன்றல்ல என்பதில் இருக்கிறது. நாளைக்குக் கிரேக்கச் சொல் ‘அவ்ரியொன்’. 6:34-இல் வருவது அதுதான். ‘எப்பிஊசா’ பேசுகிறவர் நிற்கும் நேரத்தைப் பொறுத்து நகரும். பிளாட்டோவின் கிரித்தோன் உரையாடலில், விடிவதற்கு முன் சிறையில் பேசுகிற சாக்ரடீஸ், கப்பல் ‘வருகிற நாளில்’ வராது, அதற்கடுத்த நாளில்தான் வரும் என்கிறார். அங்கே ‘வருகிற நாள்’ இன்னும் சற்று நேரத்தில் விடியப்போகும் அதே நாள். எனவே காலையில் ஜெபித்தால் இன்றைக்கான சாப்பாடு. இரவில் ஜெபித்தால் விடிந்ததும் தேவைப்படும் சாப்பாடு. திதகே இந்த ஜெபத்தை ஒரு நாளில் மூன்று முறை சொல்லச் சொல்கிறது. மூன்று வேளைக்கும் இந்தச் சொல் பொருந்தும்.

தவிர, தேவனிடம் கேட்டு வைத்துவிட்டவன் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. கேட்பதும் கவலைப்படுவதும் ஒன்றல்ல.

லத்தீன் வேதத்தைத் திருத்திய எரோனிமுஸ் ஏன் ஒரே சொல்லை இரண்டு விதமாக மொழிபெயர்த்தார்?

பழைய லத்தீன் மொழிபெயர்ப்புகளில் இரண்டு சுவிசேஷங்களிலும் ‘கொத்திதியானும்’ (அன்றாட) என்றே இருந்தது. எரோனிமுஸ் திருத்தும்போது மத்தேயுவில் ‘சூப்பர்சுப்ஸ்தான்சியாலெம்’ என்று மாற்றினார். முன்னொட்டையும் ‘ஊசியா’வையும் தனித்தனியே லத்தீனாக்கி ஒட்டிய சொல் அது. லூக்காவில் பழையதை அப்படியே விட்டுவிட்டார். வழிபாட்டில் ஜனங்கள் வாயில் பழகியிருந்த ‘அன்றாட’ அசையவில்லை. லத்தீன் திருப்பலியில் இன்றும் அதுதான்.

அவரே 398-இல் எழுதிய மத்தேயு உரையில், எபிரெயருக்கான சுவிசேஷம் என்ற நூலில் இந்த இடத்தில் ‘மஹர்’ என்று பார்த்ததாகச் சொல்கிறார். மஹர் என்றால் நாளை. அந்த நூல் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை.

மற்றப் பழைய மொழிகளில்?

சிரியாக்கில் பழைய வடிவம் ‘அமீனா’, இடைவிடாத என்ற பொருளில். பின்னால் வந்த பெஷித்தா என்ற சிரியாக் மொழிபெயர்ப்பு ‘எங்கள் தேவைக்கான’ அப்பம் என்கிறது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் சிரியாக் ஜெபத்தில் இதுவே. எகிப்தின் போஹைரிக் கோப்திக்கில் ‘நாளைய’ அப்பம். நம் ‘வேண்டிய ஆகாரம்’ பெஷித்தாவின் பொருளோடு ஒத்துப்போகிறது.

ஒரு பாப்பிரஸில் (பழங்கால நாணல் தாளில்) இந்தச் சொல் கிடைத்ததாகப் படித்தோமே?

அந்தச் செய்தி பழைய அகராதிகளிலும் விளக்கவுரைகளிலும் இன்னும் உலாவுகிறது. எகிப்தில் ஹவாராவில் பிளிண்டர்ஸ் பீட்ரி கண்டெடுத்த ஒரு வீட்டுச் செலவுக் கணக்கு. சேய்ஸ் என்ற அறிஞர் அதைப் படியெடுத்தார். ஒரு வரியில் அரை ஒபோல் காசுக்கு எதிரே ‘எப்பிஊசி…’ என்று வாசித்தார். 1915 வாக்கில் அது பாப்பிரஸ் தொகுப்பு நூலில் ஏறியது. ‘அன்றாடப் படி’ என்று பொருள் கிடைத்துவிட்டதாகப் பலர் மகிழ்ந்தார்கள். பின்னர் மூலத்தாள் காணாமல் போனது. 1998-இல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் அது மீண்டும் அடையாளம் காணப்பட்டபோது, அந்த இடத்தில் எழுதியிருந்தது ‘எலாயூ’ – எண்ணெய். எண்ணெய் வாங்கிய கணக்கு! அதோடு அந்தச் சான்று முடிந்தது. உங்கள் கையில் இருக்கும் விளக்கவுரை இந்தப் பாப்பிரஸை இன்னும் ஆதாரமாகக் காட்டினால், அந்தப் பகுதி 1998-க்கு முந்தியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இது நற்கருணையைக் குறிக்கிறதா?

ஆதிப் பிதாக்கள் பலர் அப்படியும் கொண்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2837-ஆம் எண்ணில் அன்றாடத் தேவை, உயிருக்கு அவசியமானது, வாழ்வின் அப்பம் எனப் பல பொருளையும் அடுக்கி வைக்கிறது. மறுபுறம், கிரேக்கப் பிதாவான கிறிசோஸ்தோமு மத்தேயு உரையில் ‘அந்தந்த நாளுக்கானது’ என்று சாதாரணமாக முடித்துவிட்டார். நற்கருணைப் பொருளை இறையியல் தரலாம். சொல்லின் இலக்கணம் மட்டும் அதைத் தராது.

பழைய ஏற்பாட்டுப் பின்னணி வேண்டுமானால் மன்னாவிடம் போவதே நெருக்கம். யாத்திராகமம் 16:4-இல் ஒவ்வொரு நாளுக்கும் வேண்டியதை அந்தந்த நாளில் சேர்க்க வேண்டும். ஆறாம் நாளில் மட்டும் மறுநாளுக்கும் சேர்த்து இரட்டிப்பு. நீதிமொழிகள் 30:8-இல் “என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்” என்ற வரியும் உண்டு. எபிரெயத்தில் அங்கே ‘எனக்குக் குறித்த அப்பம்’. படியளக்கிறவன் என்று கடவுளைச் சொல்லிப் பழகிய தமிழில் அது கிரேக்க மொழிபெயர்ப்பைவிட நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது.

தமிழில் எந்த மொழிபெயர்ப்பு மூலத்துக்கு அருகில் இருக்கிறது?

பழைய மொழிபெயர்ப்பின் ‘வேண்டிய’வும், திருவிவிலியத்தின் “இன்று தேவையான உணவை எங்களுக்குத் தாரும்” என்பதும் தேவைப் பொருளை எடுக்கின்றன. கத்தோலிக்கர் செபத்தில் சொல்லும் ‘அனுதின உணவு’, ‘அன்றாட உணவு’ இரண்டும் நாள் பொருளை எடுக்கின்றன. திருவிவிலிய வரியில் ஒரு சிறு குழப்பம்: ‘இன்று’ என்பது ‘தேவையான’ என்பதைத் தழுவுவதுபோல் ஒலிக்கிறது, கிரேக்கத்தில் அது ‘தாரும்’ என்பதோடு சேர வேண்டும். ‘ஆகாரம்’, ‘உணவு’ என்பவை பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. அர்த்தொஸ் மத்தேயு 4:4-இல் ‘அப்பம்’ ஆகிறது. இங்கே சோறு உண்கிறவரின் தட்டையும் சேர்த்துக்கொள்ளும் சொல் வந்திருக்கிறது.

நானே இந்தச் சொல்லைச் சரிபார்க்க என்ன செய்யலாம்?

ஸ்ட்ராங் எண் அட்டவணையில் (வேதத்தின் மூலச் சொற்களுக்கு எண் கொடுத்த பட்டியலில்) 1967-ஐ எடுங்கள். இரண்டே வசனங்கள் வரும். அங்கேயே நிற்காமல் அதற்கு முந்திய 1966-க்குப் போங்கள்: அது ‘எப்பிஊசா’. அதன் ஐந்து வசனங்களையும் தமிழில் வரிசையாகப் படியுங்கள். பிறகு 3776 ‘ஊசியா’வைப் பாருங்கள்; கெட்ட குமாரன் வருவான். இந்த மூன்று எண்களையும் ஒப்பிட அரை மணி நேரம் போதும். செயலியில் காட்டும் ஒற்றைச் சொல் பொருளை நம்பி நிறுத்திவிடுவதால்தான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன.

இன்னொரு எச்சரிக்கை. வேர்ச்சொல்லே பொருள் என்று நினைக்க வேண்டாம். ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணம்தான். வழக்கில் பல நூறு முறை வரும் சொல்லுக்கு வழக்கே பொருளைச் சொல்லும். இந்தச் சொல்லுக்கு வழக்கு இல்லாததால் மட்டுமே வேரைத் தோண்ட வேண்டியிருக்கிறது.

அப்படியானால் ஜெபத்தில் ‘வருகிற நாளுக்கான ஆகாரம்’ என்று மாற்றிச் சொல்லலாமா?

தனியாக ஜெபிக்கும்போது உங்கள் விருப்பம். சபையோடு சேர்ந்து சொல்லும்போது மாற்றினால் பக்கத்தில் நிற்பவரின் வரி தடுமாறும். எரோனிமுஸ் மாற்றியபோதும் லத்தீன் சபைகள் பழையதையே சொல்லிக்கொண்டிருந்தன.